தேநீர் விற்ற முதியவர்

தில்லி லோதி ரோட்டில் வாழும் நம் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். அரசு அலுவலில் இருப்பவர். ஓய்வு நாட்களில் அச்சாலையிலுள்ள திபெத் இல்லத்திற்குச் சென்று பழைய புத்த வடிவங்களையும் துணிச் சித்திரங்களையும் கண்டு வருபவர். பாலும் சர்க்கரையும் கலந்த தேநீரை மருத்துவர் விலக்கிவிட்டமையால் பச்சைத் தேயிலைக்கு மாறியிருக்கிறார். ஜப்பானியர் கையால் வனைந்த தேநீர்க் கெண்டி ஒன்று வாங்க வேண்டுமென்பது அவருடைய விருப்பம். கடைகளில் விசாரித்தபோது விலைகள் மடுவும் மலையுமாக இருந்தனவாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர் கேட்கும் முதல் வினா. பௌத்தன் ஒருவன் ஒரு மண் கெண்டிக்காக இத்தனை பொருள் செலவிடுவது தகுமா என்பது இரண்டாவது.

பாண்டக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதைத் தம்மம் பேசுகிறவரிடம் கேட்கிறாரே என்று சிலர் நகைக்கலாம். நாம் நகைக்கவில்லை. இவ்விரண்டு வினாக்களையும் தம் வாழ்நாளெல்லாம் தோளில் சுமந்து திரிந்து, எண்பதாம் வயதில் நெருப்பைக் கொண்டு விடை கூறிய ஒரு பெரியார் ஜப்பானில் வாழ்ந்திருக்கிறார். அவரைப் பைசாவோ என்று அந்நாட்டார் அழைப்பர். தேநீர் விற்கும் முதியவர் என்பது அச்சொல்லின் பொருள். நம் செவிக்கு அது பைசா என்று ஒலிப்பது தற்செயலே. ஆயினும் அரைக் காசுக்குத் தேநீர் தந்தவருக்கு அது பொருந்தாமலும் இல்லை. அவருடைய சரித்திரத்தைச் சொல்லிவிட்டால் அன்பருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மீதியையும் இடையிலே சொல்லிவிடுகிறோம்.

ஜப்பானின் தென்மேற்குத் தீவாகிய கியூஷூவில், ஹிசென் நாட்டில், ஹசுயிகே என்னும் ஊரில் 1675-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் மருத்துவர். மகனுக்கு ஒன்பது வயதாகும்போது தந்தை மறைந்தார். பதினோராம் வயதில் ரியூஷின்ஜி என்னும் விகாரையில் சிறுவனைச் சேர்த்தனர். துறவில் அவருக்கு இடப்பட்ட பெயர் கெக்கை கென்ஷோ.

அவ்விகாரை ஓபாகு என்னும் தியானப் பிரிவைச் சேர்ந்தது. அப்பிரிவு அந்நாளில் ஜப்பானுக்குப் புதிது. சீனத்துப் புகியென் மாகாணத்திலிருந்து இங்கென் என்னும் பெருந்துறவி 1654-இல் நாகசாகித் துறைமுகத்தில் வந்திறங்கி, 1661-இல் உஜி என்னும் ஊரருகே மன்புகுஜி மடத்தை நிறுவினார். அம்மடத்தார் தேயிலையைத் தூளாக்கிக் கலக்காமல், இலையாகவே வெந்நீரில் இட்டுப் பருகும் சீன வழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். அதற்கு முன்னர் ஜப்பானில் மதிப்புப் பெற்றிருந்தது தூள் தேயிலையே. ஐசாய் என்னும் துறவி 1191-இல் சீனத்திலிருந்து திரும்பியபோது அவ்வழக்கம் வேரூன்றியது. பிற்காலத்தில், குறிப்பாகச் சென் நோ ரிக்யூ என்பவர் வாழ்ந்த பதினாறாம் நூற்றாண்டில், அது பெரியதொரு சடங்காக வளர்ந்தது. ரிக்யூ எளிமையைக் கற்பித்தார் என்பது உண்மை. ஆனால் அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் படைத்தலைவர்களும் பெருவணிகர்களும் ஆவர். ஒரு தேயிலைச் சாடிக்கு ஒரு கோட்டையின் விலை பேசப்பட்ட காலம் அது.

போதிதருமர் தம் இமைகளை அறுத்தெறிய, அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்றொரு கதையை இங்கே நம்மவர் சிலர் நினைவு கூரக்கூடும். போதிதருமர் காஞ்சியிலிருந்து சென்றவர் என்னும் வழக்கு நமக்கு இனியதே. ஆயினும் அவர் போவதற்கு நெடுங்காலம் முன்னரே சீனத்தார் தேயிலையை அறிந்திருந்தனர். பெருமை வேண்டிப் பொய்யை ஏற்க வேண்டுவதில்லை.

பதின்மூன்றாம் வயதில் கெக்கை தம் ஆசிரியர் கேரின் தோரியூவுடன் மன்புகுஜி மடத்திற்குச் சென்றார். மடத்தின் நான்காம் தலைவர் தோகுதான் அச்சிறுவனின் கூர்மையைக் கண்டு வியந்து, தம் கையால் ஒரு கவிதை எழுதித் தந்தார். இருபத்திரண்டாம் வயதில் கடும் நோய் கண்டது. முற்றும் குணமாகுமுன்பே எழுந்து, நாட்டின் வடகிழக்கிலுள்ள செண்டாய் வரை சென்று அங்கோர் ஆசிரியரிடம் பயின்றார். பின்னர் வினய நெறியில் வல்ல ஒருவரை அடுத்து, பிக்குகளுக்குரிய ஒழுக்க விதிகளைக் கற்றார். ராய்சான் மலையில் ஒரு கோடை முழுவதும் மாவையும் மலைநீரையும் மட்டுமே உண்டு தனித்திருந்தார். வினயம் கற்றவர் என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்க. பின்னே அது வேண்டியிருக்கும்.

பிறகு பல்லாண்டுகள் ரியூஷின்ஜியில் ஆசிரியருக்குத் தொண்டு செய்தார். 1720-இல் ஆசிரியர் மறைந்தபோது விகாரையின் தலைமை இவரை நோக்கி வந்தது. இவரோ அதனை உடன் பயின்ற துறவி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஐம்பது வயதை ஒட்டித் தலைநகராகிய கியோத்தோவுக்குப் புறப்பட்டார். நாற்பதாண்டு கட்டிக் காத்த இடத்தை நாற்காலி கிடைக்கும் வேளையில் விட்டுச் செல்வது எவ்வளவு அரிதென்பதைச் சங்கம் நடத்தும் நம்மவர் நன்கறிவர்.

கியோத்தோவில் அவர் கண்டது மனத்துக்கு ஒவ்வாதது. மடங்களில் பட்டாடையும் பதவியும் மலிந்திருந்தன. தம் ஞானத்தைக் காட்டிக் காணிக்கை பெறுவது பலருக்குத் தொழிலாகியிருந்தது. ஞானமில்லாதவன் ஞானியைப்போல் நடித்து ஊரார் சோற்றை உண்பதைவிட, உடலுழைப்பால் அரைக்காசு ஈட்டி உண்பது மேல் என்று அவர் முடிவு செய்தார். 1735-இல், அறுபதாம் வயதில், நகரின் கீழ்ப்புறத்தில் காமோ ஆற்றை ஒட்டி ஒரு சிறு தேநீர்க்கடை திறந்தார். மழையும் குளிரும் இல்லாத நாட்களில் அடுப்பையும் கெண்டியையும் கிண்ணங்களையும் மூங்கிற் கூடைகளில் இட்டுக் காவடிபோல் தோளில் தூக்கிச் செல்வார். தோபுகுஜி மடத்தருகே மேப்பிள் மரங்கள் சிவக்கும் காலத்தில் அங்கிருப்பார். கோடையில் ததசு சோலையின் நீரோடையருகே இருப்பார். தூய தென்றல் என்று பொருள்படும் இரண்டு எழுத்துக்கள் கொண்ட கொடியொன்று அவர் அருகே அசையும்.

காசு போடுவதற்கு ஒரு மூங்கிற் குழாய் தொங்கும். நூறு பொன் முதல் அரைக்காசு வரை விரும்பியதை இடலாமென்றும், ஒன்றும் இடாமல் குடித்துப் போவதற்கும் தடையில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். அதற்கும் கீழே விலையைக் குறைக்க வழி தெரியவில்லையே என்று வருந்துவதுபோல் ஒரு வேடிக்கையும் சேர்த்திருந்தார். புலவரும் வந்தனர், கூலியாளும் வந்தனர். எல்லோருக்கும் ஒரே அடுப்பு, ஒரே கெண்டி, ஒரே வகைக் கிண்ணம்.

இச்செய்தியை முதன்முதலில் படித்தபோது நாம் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம். நாம் பஞ்சாலையில் வேலை செய்த நாட்களில், இரவு ஷிப்டு முடிந்து வெளிவந்தால் எதிரே ஒரு தேநீர்க்கடை இருக்கும். உள்ளே ரிங் பிரேமின் முன்னே அறுந்த இழையை ஒட்டும் கைகள் யாருடையவை என்று எந்திரம் கேட்டதில்லை. கடை வாசலிலோ நாங்கள் இரு கூறாவோம். அவர்களுக்குக் கண்ணாடிக் குவளையும் பெஞ்சும் உண்டு. எங்களுக்கு ஓரத்தில் ஆணியில் மாட்டிய அலுமினியக் குவளை. நின்று குடித்து, நாங்களே கழுவி, மறுபடி ஆணியில் மாட்ட வேண்டும். காசு மட்டும் இரு சாராருக்கும் ஒன்றே. இரட்டைக் குவளை என்று இதற்குப் பெயரிட்டுப் போராடிய இயக்கங்களைத் தமிழ்நாடு அறியும். ஆதலின் ஒருவர் எந்தப் பாண்டத்தில் தேநீர் தருகிறார், யாருக்குத் தருகிறார் என்பதை நாம் சிறு செய்தியாகக் கொள்வதில்லை.

இனி வினயம் பற்றிய சிக்கலுக்கு வருவோம். பிக்கு பொன்னையும் வெள்ளியையும் கையால் தீண்டலாகாது. வாணிகம் செய்தலும் ஆகாது. பிண்டபாதத்தால் உயிர் வாழ வேண்டும். வினயம் கற்ற இவர் இதனை அறியாதவரல்லர். அந்நாளிலேயே பலர் இவரைக் குறை கூறினர். அதற்கு இவர், காணிக்கைக்காகப் பக்தர்களின் முகம் பார்த்து வாழ்வது வினயத்தின் உயிரைக் கொல்வதாகும் என்னும் கருத்துப்பட விடை தந்தார். விடை வலிமையானதே. ஆயினும் ஒரு குற்றத்தைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்தவியலாது என்று நம் அறிவு சொல்கிறது. துறவியாக இருந்துகொண்டே அவர் தேநீர் விற்ற ஏழாண்டுகளும் நமக்கு முடிச்சாகவே உள்ளன. அம்முடிச்சு அவரையும் உறுத்தியிருக்க வேண்டும். ஹிசென் நாட்டுத் துறவிகள் வெளியூரில் வாழ்வதாயின் பத்தாண்டுக்கொரு முறை ஊர் திரும்பி அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். 1742-இல் அதற்காகத் திரும்பியவர், துறவுக் கோலத்தையே விட்டுவிட இசைவு பெற்று, கோ யூகாய் என்னும் இல்லறத்தார் பெயரைச் சூட்டிக்கொண்டார். அறுபத்தேழாம் வயதில், அரைநூற்றாண்டுக்கு மேல் அணிந்த காவியைக் கழற்றினார். ஞானத்தைத் துறக்கவில்லை, ஞானியென்னும் பட்டத்தை மட்டும் துறந்தார். இவ்வொரு செயலால் அவர் நம் மதிப்பில் உயர்கிறார்.

அதே ஆண்டில் அவர் உஜித்தவாரா என்னும் மலையூருக்குச் சென்று நாகத்தானி சோயென் என்னும் உழவரைக் கண்டார். பொதுமக்கள் அதுவரை குடித்துவந்த தேயிலை பழுப்பு நிறமும் முரட்டுச் சுவையும் உடையது. நாகத்தானி பதினைந்தாண்டுகள் முயன்று 1738-இல் ஒரு புது வழி கண்டார். இளந்தளிரை மட்டும் பறித்து, ஆவியில் வேகவைத்து, அனலின் மேல் அமைத்த தட்டில் கையாலேயே உருட்டி உலர்த்தினார். இலையின் பச்சை அப்படியே நின்றது, மணமும் நின்றது. இன்று ஜப்பானில் செஞ்சா என்று விற்கும் பச்சைத் தேயிலை அவ்வழியில் வந்ததே. உழவர் வனைந்த அவ்விலையை முதியவர் மிகவும் போற்றினார்.

முதியவர் தொடக்கத்தில் கொதிநீரில் இலையை இட்டே தேநீர் ஆக்கினார். புது இலையின் மென்மைக்கு அம்முறை கடுமையானது. கெண்டியில் இலையை இட்டு, அளவான சூட்டில் நீர் வார்த்து ஊறவைக்கும் முறை மெல்லப் பரவிற்று. பக்கவாட்டில் நீளக் கைப்பிடி கொண்ட சிறு மண் கெண்டி அதற்கு வாய்த்தது. தென்சீனத்தில் அது நீர் காய்ச்சும் எளிய பாண்டமாக இருந்ததென்பர். ஜப்பானியர் அதனை கியூசு என்கின்றனர். அன்பர் வாங்க நினைப்பதும் இதுவே.

ஆகவே அவருக்குச் சில செய்திகளை இங்கே சொல்லிவிடுவோம். கெண்டி சிறியதாக இருக்கட்டும். இருவர் மூவருக்கு 200 முதல் 300 மில்லிலிட்டர் போதும். பெரிய கெண்டியில் நீர் தேங்கி இலை கசக்கும். கைப்பிடியை வலக்கையால் பற்றினால் அதே கையின் கட்டைவிரல் மூடியைத் தொட வேண்டும்; அப்போதுதான் ஒரு கையால் வார்க்கலாம். கெண்டியில் நீர் நிரப்பி, சாய்த்து வார்த்துக்கொண்டே மூடியின் சிறு துளையை விரலால் அடைக்கவும். நீர் நின்றுவிடின், குயவர் மூடியைக் கெண்டியோடு பொருந்த நன்கு இழைத்திருக்கிறார் என்று பொருள். வார்த்து நிறுத்தியபின் மூக்கிலிருந்து நீர் வழிந்து வயிற்றில் ஓடலாகாது. உள்ளே, மூக்கின் அடியில், மண்ணாலேயே நுண்துளைகள் இட்ட வடிகட்டி இருத்தல் நன்று. மெருகு பூசாத களிமண் கெண்டி மணத்தை உறிஞ்சும். ஆகையால் சோப்பு இடாமல் வெறும் நீரால் கழுவ வேண்டும், அதில் பால் தேநீர் போடலாகாது. இரும்புக் கெண்டியைக் காட்டி ஜப்பானியத் தேநீர்க் கெண்டி என்று சில கடைக்காரர் விற்பர். அது நெடுநேரம் சூட்டைத் தாங்குவது. பச்சை இலைக்கு ஏற்றதன்று. கொதித்த நீரை 70 அல்லது 80 டிகிரிக்கு ஆறவிட்டு வார்த்து, ஒரு நிமிடத்தில் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும்.

இவ்வளவும் நடுத்தர விலைக் கெண்டியிலேயே கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்கும் பொருள் பெரும்பாலும் அடியில் பொறித்த முத்திரைக்குத்தான் போகிறது. கடைகளில் மிகுதியாகக் காணும் சிவப்புக் கெண்டி தொகோனமே என்னும் ஊரினது. அவ்வூர்ச் சூளைகள் மிகப் பழையன. ஆனால் அச்செம்மண் கெண்டி தோன்றியது 1854-இல். முதியவர் மறைந்து தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்டது அது. அவர் பெயரைச் சொல்லி அதை விற்பாராயின் நம்ப வேண்டாம்.

தில்லியிலேயே நல்ல கெண்டி வனையும் மரபு உண்டென்பதையும் அன்பர் அறிவாராக. லோதி ரோடு கிழக்கே மதுரா ரோட்டைச் சந்திக்கும் இடத்தில் சப்ஸ் புர்ஜ் என்னும் பழைய கல்லறைக் கட்டடம் நீல ஓடுகளுடன் நிற்பதைப் பார்த்திருப்பார். அவ்வகை நீல மெருகை மரபுவழிக் குயவர் ஒருவரிடம் கற்ற சர்தார் குருசரண் சிங், 1919-இல் ஜப்பான் சென்று மட்கலத் தொழிலை முறையாகப் பயின்று வந்தார். 1952-இல் தில்லியில் தம் சொந்தக் களத்தை நிறுவினார். 1991-இல் பத்மஸ்ரீ விருது பெற்று 1995-இல் மறைந்தார். அவருடைய மாணவர் வழியில் வந்தோர் இன்றும் வனைகின்றனர். ஜப்பானிய மண்தான் வேண்டுமென்பது நாவின் தேவையா, கண்ணின் ஆசையா என்பதை அவரே ஆராய்ந்து கொள்ளட்டும்.

மீண்டும் முதியவரிடம் செல்வோம். அவர் கெண்டியருகே கூடியவர்களுள் பிற்காலத்தில் நாடு போற்றிய ஓவியர்கள் இருவர். ஒருவர் இக்கே நோ தைகா. மற்றவர் இத்தோ ஜாகுச்சூ. நிஷிகிச் சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தின் தலைமகன். ஜாகுச்சூ கோழிகளையும் மீன்களையும் வரைவாரேயன்றி உயிரோடிருந்த மனிதரை வரைவது அரிது. இம்முதியவரை மட்டும் பலமுறை வரைந்தார். மெலிந்த உடல், காற்றில் பறக்கும் தாடி, தோளில் காவடி. இதே ஜாகுச்சூ பகவன் புத்தரின் பரிநிருவாணத்தைக் காய்கறிகளாலேயே வரைந்திருக்கிறார். நடுவே ஒரு வெள்ளை முள்ளங்கி சாய்ந்து கிடக்க, பூசணியும் கத்தரியும் கிழங்குகளும் சூழ்ந்து நிற்கின்றன. சந்தைக்காரன் கண்ட பரிநிருவாணம் அது. அதில் நமக்கு அவமதிப்புத் தோன்றவில்லை.

இத்தனை நண்பர்கள் இருந்தும் வறுமை நீங்கவில்லை. மூங்கிற் குழாய் வெறுமையாகத் தொங்கிய நாட்கள் பல. அரிசிப் பானை காலியாகி, நண்பர் ஒருவர் கொணர்ந்த காசால் அடுப்பெரிந்த நாளும் உண்டு. முதுகு வலி மிகுந்தது. குடிசை மாற்றிக் குடிசை புகுந்தார். இதற்கிடையே அவருடைய பெயர் மட்டும் வளர்ந்தது. அவர் கைபட்ட கெண்டியையும் கிண்ணத்தையும் பொருளுடையோர் விரும்பிப் பார்க்கத் தொடங்கினர். எதனை எதிர்த்து வீதிக்கு வந்தாரோ, அது அவருடைய கூடைக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொண்டது.

1755-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், எண்பதாம் வயதில், அவர் விற்பனையை நிறுத்தினார். பாண்டங்களைச் சுமந்து வந்த மூங்கிற் கூடைக்கு அவர் சென்கா என்று பெயரிட்டிருந்தார். அக்கூடையை நெடுநாள் தோழனாக எண்ணி, அதனிடம் பேசுவதுபோல் ஒரு விடைமொழி எழுதினார். மலையிலும் ஆற்றங்கரையிலும் உடன் வந்து தம் வயிற்றைக் காத்ததற்கு நன்றி சொன்னார். தாம் இறந்தபின் அது தகாதவர் கையில் விழுந்து மானமிழப்பதைத் தாம் பொறுக்கவியலாதென்றும், அதனால் நெருப்பின் சமாதியை அதற்கு அளிப்பதாகவும் குறித்தார். பின்னர்க் கூடையையும் பாண்டங்களையும் எரித்தார்.

இங்கே நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவற்றை வனைந்த குயவர்களும் மூங்கில் பின்னியவரும் உழைப்பாளிகளே. உழைப்பாளி செய்த நல்ல பொருளை எரிப்பதைக் காண ஆலைத்தொழிலாளியின் மனம் ஒப்புவதில்லை. நாலு ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றும். எண்ணிப் பார்த்தால், ஏழைகளுக்குக் கொடுத்திருந்தாலும் அவை ஏழைகளிடம் தங்கியிரா. மறுவாரமே ஒரு செல்வர் நூறு பொன் நீட்டி வாங்கிச் சென்றிருப்பார். வாங்கியதைப் பட்டில் சுற்றிப் பெட்டியில் வைத்திருப்பார். அதில் எவரும் ஒரு வாய்த் தேநீர் குடித்திருக்க மாட்டார். எரிந்த கெண்டி இருபதாண்டுகள் தெருவில் வேலை செய்த கெண்டி. உடலுக்குச் செய்யும் மரியாதையை அதற்கும் செய்தார் என்றே இப்போது நாம் கொள்கிறோம். மனத்தாங்கல் முழுதும் தீர்ந்ததென்று மட்டும் சொல்ல மாட்டோம்.

அதன்பின் கேட்போருக்கு எழுத்தோவியம் எழுதித் தந்து எட்டாண்டுகள் வாழ்ந்தார். 1763-இல், ஆயிரம் கண்ணன் வடிவங்கள் நிற்கும் சஞ்சூசங்கென்தோ ஆலயத்தருகே ஒரு சிறு குடிலில், எண்பத்தெட்டாம் வயதில் உயிர் நீத்தார். கண்ணன் என்றது நம் நாட்டு அவலோகிதரை அந்நாட்டார் அழைக்கும் பெயரே. அவ்வாண்டிலேயே நண்பர்கள் அவருடைய பாடல்களை அச்சிட்டனர். தைத்தென் என்னும் அறிஞர் துறவி வரலாறு எழுதிச் சேர்த்தார். ஜாகுச்சூ வரைந்த உருவம் முகப்பில் அமைந்தது.

பாண்டங்கள் அனைத்தும் எரியவில்லை. சில முன்பே நண்பர்களிடம் சென்றிருந்தன. ஓசாக்கா நகரில் மது வடிக்கும் தொழில் நடத்திய கிமுரா கென்கதோ என்னும் பெருஞ்சேகரிப்பாளர், முதியவரின் பாண்டங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சித்திரமாக்கி வைத்தார். அச்சித்திரங்கள் 1823-இல் நூலாக வெளிவந்தன. குயவர்கள் அதனைப் பார்த்து அதே வடிவில் கெண்டிகளும் அடுப்புகளும் வனைந்தனர். இலைத் தேநீரும் ஒரு சடங்காயிற்று. அதற்கும் குருமார் தோன்றினர். சீனத்திலிருந்து வந்த பழங்கெண்டிகளுக்குச் செல்வர்கள் பெரும்பொருள் கொடுத்தனர். முதியவர் எரித்தவற்றின் பிரதிகள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. அந்நூலிலுள்ள சித்திரங்களுள் காசு போடும் மூங்கிற் குழாயும் ஒன்று.